ஐடி பார்க் வந்தால் சேலம் வளர்ந்துவிடுமா? உயர் தொழில்நுட்பமும் ஊர்ப் பொருளாதாரமும்

"ஒரு பெரிய ஐடி கம்பெனி வந்தா போதும், சேலம் பெங்களூரு மாதிரி ஆயிடும்" என்பார் ஒருவர். "வந்தா என்ன? படிச்ச நாலு பேருக்கு வேலை, நமக்கு வீட்டு வாடகைதான் ஏறும்" என்பார் பக்கத்தில் இருப்பவர். சேலத்தின் வளர்ச்சி பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் இந்த இரண்டு குரல்களும் கேட்கும். இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் உயர் தொழில்நுட்பம் ஓர் ஊரின் பொருளாதாரத்துக்குள் எந்த வழியாக நுழைகிறது, நுழைந்த பிறகு என்ன செய்கிறது என்பதை இருவருமே சொல்வதில்லை. அது தெரியாமல் ஒரு திட்டத்தை வரவேற்கவும் முடியாது, எதிர்க்கவும் முடியாது. பொருளாதாரம் படிக்காதவர்களுக்கும் புரியும்படி அந்த வழியைப் பார்ப்போம்.

எது உயர் தொழில்நுட்பம்?

கம்ப்யூட்டர் இருந்தால் உயர் தொழில்நுட்பம் என்று நினைப்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது. இன்று மளிகைக் கடையிலும் கம்ப்யூட்டர் பில்தான். பார்க்க வேண்டியது வேறு. ஒரு பொருளின் விலையில் மூலப்பொருளுக்கும் உடல் உழைப்புக்கும் எவ்வளவு போகிறது, புதிதாகக் கண்டறிந்த அறிவுக்கு எவ்வளவு போகிறது? அறிவின் பங்கு அதிகமாக இருந்து, அதைப் புதுப்பிக்க ஆராய்ச்சிக்குத் தொடர்ந்து செலவழிக்க வேண்டிய தொழில்தான் உயர் தொழில்நுட்பத் தொழில். ஓஇசிடி என்னும் பன்னாட்டுப் பொருளாதார அமைப்பும் இந்த ஆராய்ச்சிச் செலவை வைத்துத்தான் தொழில்களைத் தரம் பிரித்திருக்கிறது. விமானம், மருந்து, மின்னணுப் பொருட்கள் எல்லாம் அதில் மேல் வரிசையில் வரும்.

இதற்குச் சேலத்திலேயே நல்ல உதாரணம் உண்டு. 2023 ஜூலை 14 அன்று சந்திரயான்-3 விண்கலத்தை எல்விஎம்3 ராக்கெட் ஏற்றிச் சென்றது. அதன் திரவ எரிபொருள் எஞ்சினில், எரிபொருளும் அதை எரிய வைக்கும் ஆக்சிகாரமும் கலக்கும் விகிதத்தைக் கட்டுப்படுத்தும் பகுதியில் ஒரு ஸ்டெப்பர் மோட்டார் இருந்தது. அதைச் செய்து கொடுத்தது ஜங்ஷன் மெயின் ரோட்டில் இருக்கும் சோனா தொழில்நுட்பக் கல்லூரியின் சோனாஸ்பீடு என்ற ஆராய்ச்சிப் பிரிவு.

சாதாரண மோட்டார் கரண்ட் கொடுத்தால் சுற்றிக்கொண்டே இருக்கும். ஸ்டெப்பர் மோட்டார் ஒவ்வொரு மின்துடிப்புக்கும் குறிப்பிட்ட கோணம் மட்டும் திரும்பி அப்படியே நிற்கும். அதற்குள் இருப்பவை செம்புக் கம்பி, காந்தம், எஃகு. கிணற்று மோட்டாருக்குக் காயில் கட்டும் கடையிலும் செம்புக் கம்பியும் எஃகும் உண்டு. வித்தியாசம் பொருளில் இல்லை. ராக்கெட் அதிர்ந்து நடுங்கும்போதும் ஒரு படிகூடத் தவறாமல் நிற்க வைக்கும் கணக்கிலும், அதைச் சோதித்துப் பார்த்த உழைப்பிலும் இருக்கிறது. அந்த மோட்டாரின் விலையில் பெரும் பங்கு அந்தக் கணக்குக்குத்தான்.

ஒரே ஒரு மோட்டாரால் ஊர் வாழ்ந்துவிடாது. ஆனால் இந்த மாதிரி அறிவு ஊருக்குள் இருப்பதற்கும் இல்லாமல் இருப்பதற்கும் உள்ள வித்தியாசம் பெரிது. ஏன் என்று பார்க்கத்தான் அடுத்த பகுதி.

மூக்கனேரி நிறைவது எப்படி?

ஏற்காடு மலையில் பெய்யும் மழை ஓடைகளாக இறங்கி வந்து கன்னங்குறிச்சி மூக்கனேரியில் சேர்கிறது. ஏரி நிறைய வேண்டும் என்றால் முதலில் வரத்து வேண்டும். வந்த நீர் தங்கக் கரை பலமாக இருக்க வேண்டும். இரண்டும் சரியாக இருந்தால், ஏரியில் ஒரு குடம்கூட மொள்ளாதவரின் கிணற்றிலும் ஊற்று எடுக்கும். ஊர்ப் பொருளாதாரமும் இப்படித்தான்.

வரத்து என்பது வெளியூரிலிருந்து வரும் காசு. சேலத்துக்குள்ளேயே ஒருவர் முடி வெட்டி, அந்தக் காசில் டீ குடித்து, டீக்கடைக்காரர் அதே காசில் காய்கறி வாங்கினால், பணம் கை மாறுகிறதே தவிர ஊரின் மொத்தக் காசு கூடுவதில்லை. ஜவ்வரிசி மகாராஷ்டிராவுக்குப் போனால், வெள்ளிக் கொலுசு வட மாநிலங்களுக்குப் போனால், அமெரிக்க மருத்துவமனைக்கான பில்லிங் வேலை சேலத்தில் நடந்தால், அப்போதுதான் புதுக் காசு உள்ளே வருகிறது. இப்படி வெளியே விற்கும் தொழில்களை வெளிவிற்பனைத் தொழில்கள் என்று வைத்துக்கொள்வோம். உயர் தொழில்நுட்ப நிறுவனங்கள் பெரும்பாலும் இந்த வகைதான். அவற்றின் வாடிக்கையாளர் ஊருக்குள் இருப்பது அரிது.

கரை என்பது வந்த காசில் எவ்வளவு ஊருக்குள் தங்குகிறது என்பது. இதைத்தான் பலரும் கவனிக்காமல் விடுகிறார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வெளியிலிருந்து 100 ரூபாய் வருகிறது. அதை வாங்கும் ஒவ்வொருவரும் 100 ரூபாய்க்கு 60 என்ற விகிதத்தில் ஊருக்குள்ளேயே செலவு செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 100 ரூபாய் முதலில் 60 ஆகிறது, அப்புறம் 36, அப்புறம் 21 ரூபாய் 60 பைசா. இப்படிக் குறைந்துகொண்டே போகும் தொகைகளை எல்லாம் கூட்டினால் 250 ரூபாய் வரும். அதே 100 ரூபாயில் 30 மட்டும் ஊரில் தங்கினால் கூட்டுத்தொகை சுமார் 143 தான். வரத்து ஒன்றுதான், பலனில் 107 ரூபாய் வித்தியாசம்! இதற்குப் பெருக்கு விளைவு என்று பெயர். வெளியிலிருந்து வந்த காசு கை மாறி மாறித் தன் மதிப்பைவிட அதிக வருமானத்தை ஊருக்குள் உண்டாக்குவதுதான் பெருக்கு விளைவு.

அப்படியானால் ஒரு கம்பெனி வந்தால் எத்தனை வேலை உண்டாகும்? அமெரிக்க நகரங்களை ஆராய்ந்த பொருளாதார அறிஞர் என்ரிகோ மொரெட்டி, ஒரு நகரில் ஓர் உயர் தொழில்நுட்ப வேலை கூடினால் காலப்போக்கில் அதே நகரில் வேறு தொழில்களில் சுமார் 5 வேலைகள் உருவாகின்றன என்று கணக்கிட்டார். சாதாரண உற்பத்தித் தொழிலுக்கு அது 1.6 தான். அந்த 5 வேலைகளில் டாக்டரும் வக்கீலும் உண்டு. சமையல்காரர், தச்சர், டிரைவர், தையல்காரரும் உண்டு. சம்பளம் அதிகம், செலவும் அதிகம் என்பது முக்கியக் காரணம்.

இந்த 5 என்ற எண்ணை எடுத்து அப்படியே சேலத்துக்குப் பொருத்துகிறவர்களை நம்பாதீர்கள். அங்குள்ள சம்பளம் வேறு, செலவழிக்கும் பழக்கம் வேறு, ஊரின் கரை வேறு. தலைமையகம் வேறு நகரில், லாபம் அங்கே, இயந்திரம் வெளிநாட்டிலிருந்து, சாப்பாடு சப்ளைகூட வெளியூர்க் காண்ட்ராக்டர் என்று இருந்தால், கட்டடம் சேலத்தில் இருந்தாலும் கசிவு அதிகம்தான்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கமாகச் சொன்னால்: அறிவின் பங்கு அதிகமுள்ள தொழில், உயர் தொழில்நுட்பத் தொழில். அது வெளியூர்க் காசைக் கொண்டு வருகிறது. அந்தக் காசு எத்தனை கை மாறுகிறதோ அந்த அளவுக்கு ஊருக்குப் பலன். மூன்றாவது சங்கதியான ஊற்று இன்னும் பாக்கி. எனக்கு இதில் மிக முக்கியமாகப் படுவது அதுதான்.

ஊற்று: அறிவு எப்படிக் கசிகிறது?

செவ்வாய்பேட்டை, பனங்காடு, சிவதாபுரம் பக்கம் கொலுசு வேலை நடக்கும் தெருக்களைப் பார்த்திருப்பீர்கள். ஒரே கொலுசை ஒருவரே முழுதாகச் செய்வது குறைவு. ஒரு வீட்டில் வெள்ளியைக் கம்பியாக இழுப்பார்கள். இன்னொரு வீட்டில் அதை வளைத்துச் சங்கிலியாக்குவார்கள். சலங்கை ஓரிடம், பற்றவைப்பது ஓரிடம், மெருகு போடுவது ஓரிடம். கம்பி இழுக்கும் மெஷின் நின்றுவிட்டால் சரி செய்யத் தெரிந்தவர் அடுத்த தெருவில் இருப்பார். புது டிசைன் ஒன்று வந்தால் சில நாளில் நாலு பட்டறைக்கும் தெரிந்துவிடும். வேலை தேடும் பையன் இந்தப் பட்டறையில் இல்லையென்றால் அந்தப் பட்டறைக்குப் போவான்.

ஒரே தொழிலைச் சேர்ந்தவர்கள், அவர்களுக்குச் சாமான் கொடுப்பவர்கள், ரிப்பேர் பார்ப்பவர்கள், கற்றுக்கொடுப்பவர்கள் எல்லாரும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதைத் தொழிற்கொத்து என்கிறோம். பிரிட்டனின் பொருளாதார அறிஞர் ஆல்ஃபிரெட் மார்ஷல் 1890-லேயே இதன் மூன்று பலன்களைச் சொல்லிவிட்டார். தொழில் தெரிந்த ஆட்கள் ஒரே இடத்தில் கிடைப்பார்கள். தேவையான சாமானும் சேவையும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். தொழிலின் நுணுக்கங்கள் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தானாகவே பரவும். அந்த மூன்றாவது பலனுக்கு அறிவுக் கசிவு என்று பெயர். பணக் கசிவு ஊருக்கு நட்டம். அறிவுக் கசிவு ஊருக்கு லாபம்.

சிலிக்கான் பள்ளத்தாக்கில் நடப்பதும் பனங்காட்டில் நடப்பதும் இந்த விஷயத்தில் ஒன்றுதான். அங்கே சிப்பும் மென்பொருளும், இங்கே வெள்ளி. அங்கே ஒரு கம்பெனியை விட்டு வெளியே வந்த எஞ்சினியர் பக்கத்திலேயே இன்னொன்று தொடங்குகிறார், இங்கே மெருகு கற்றவர் தனிப் பட்டறை போடுகிறார். சேலத்துக்காரர்களுக்குத் தொழிற்கொத்து என்பது வெளிநாட்டுப் பாடம் இல்லை.

ஜவ்வரிசியும் இப்படி வளர்ந்ததுதான். இரண்டாம் உலகப் போரில் மலேயாப் பக்கத்திலிருந்து வரத்து நின்றபோது, 1943 வாக்கில் மாணிக்கம் செட்டியாரும் போபட்லால் ஷாவும் குச்சிக்கிழங்கு மாவிலிருந்து இங்கேயே ஜவ்வரிசி தயாரிக்கத் தொடங்கினார்கள். ஒருவர் செய்ததைப் பார்த்து இன்னொருவர் ஆலை வைத்தார். விவசாயிகள் கிழங்கு போட்டார்கள். 1981-ல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் வந்து ஏல விற்பனைக்கு ஒரு பொது இடம் கிடைத்தது. 2023-ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

ஆலைகளுக்கு ஒரு பெரிய தலைவலி இருந்தது. கிழங்கை அரைத்துப் பாலெடுத்துத் தெளியவைத்த பிறகு மிஞ்சும் கழிவுநீர் நாற்றமெடுத்து நிலத்தையும் கிணற்றையும் கெடுத்தது. அந்த நீரில் சத்து மிச்சமிருப்பதுதான் நாற்றத்துக்குக் காரணம். காற்றுப் புகாத மூடிய தொட்டியில் அதை விட்டால் நுண்ணுயிர்கள் அந்தச் சத்தைத் தின்று மீத்தேன் வாயுவை வெளிவிடும். அந்த வாயுவை எரித்து ஆலைக்கு வேண்டிய சூட்டையும் கரண்டையும் எடுக்கலாம். பல ஆலைகள் இன்று இதைச் செய்கின்றன. ஓர் ஆலையில் ஓடுவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அடுத்த ஆலைக்காரர் துணிவார். கண்டுபிடிப்பு என்பது புதுக் கம்பெனியில் மட்டும் நடப்பதில்லை. குச்சிக்கிழங்கு ஆலையிலும் நடக்கிறது. ஐடி பார்க் திறப்பு விழாவுக்குக் கொடுக்கும் கவனத்தில் பாதியை இந்த மாதிரி மாற்றங்களுக்குக் கொடுத்தாலே ஊருக்கு நல்லது என்பது என் எண்ணம்.

தாது இங்கே, லாபம் ஷெஃபீல்டில்

அறிவு தங்காத இடத்தில் வளம் இருந்தும் பயன் குறைவு. இதற்குச் சேலத்து வரலாற்றில் ஒரு வேதனையான சாட்சி இருக்கிறது.

கிழக்கிந்தியக் கம்பெனியில் சேலத்தில் வேலை பார்த்த ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர், சேலம் மலைகளின் இரும்புத் தாதுவை நம்பி 1830-ல் பரங்கிப்பேட்டையில் ஓர் இரும்பு ஆலை தொடங்கினார். பணநெருக்கடி தீராத ஆலையாகவே அது இருந்தது. அவர் இங்கிலாந்து திரும்பி ஷெஃபீல்டில் குடியேறினார். உருக்கு காய்ச்சும்போது மாங்கனீசுச் சேர்மம் சேர்த்தால் தரம் உயர்கிறது என்று கண்டு 1839-ல் காப்புரிமை எடுத்தார். ஷெஃபீல்டில் ஏற்கெனவே உலைகளும் உருக்கு காய்ச்சுகிறவர்களும் நிறைந்திருந்ததால் அந்த முறை பட்டறைக்குப் பட்டறை பரவியது. உருக்கின் செலவு இறங்கியது, ஊரே பணம் பார்த்தது. ஹீத்துக்கு மட்டும் உரிய பணம் வரவில்லை. வழக்கு நடத்தியே ஓய்ந்தார்.

அவருக்கு நடந்தது அநியாயம். ஆனால் ஊர் என்ற கணக்கில் பார்த்தால், அறிவுக் கசிவு என்றால் என்ன என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது கடினம். கஞ்சமலையில் தாது கிடந்தது, ஷெஃபீல்டில் புது அறிவை வாங்கிக்கொள்ளும் மூளைகளும் கைகளும் கூட்டமாக இருந்தன. வென்றது கூட்டம்தான்.

சேலம் உருக்காலையின் கதையும் இதைத்தான் வேறு விதமாகச் சொல்கிறது. கஞ்சமலைத் தாதுவைக் காட்டித்தான் சேலம் ஓர் உருக்காலை கேட்டது. 1970-ல் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். 1981-82-ல் ஆலை ஓடத் தொடங்கியபோது அது கஞ்சமலைத் தாதுவை உருக்கும் ஆலையாக இல்லை. வெளியிலிருந்து வந்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சுருள்களைக் குளிர்நிலையில் மெல்லிய தகடாக உருட்டும் ஆலையாக இருந்தது. 1995-ல் சூடாக உருட்டும் பிரிவு வந்தது. சொந்தமாக உருக்கு காய்ச்சும் பிரிவு 2010-ல்தான் வந்தது. அதாவது, வெளியே வாங்கிக்கொண்டிருந்த ஒவ்வொரு படியையும் மெல்ல மெல்ல உள்ளே கொண்டுவந்தார்கள். நாணயம் அச்சிடுவதற்கான வட்டத் தகடுகளும் இங்கே வெட்டப்படுகின்றன. சேலம் ஸ்டெயின்லெஸ் என்ற பெயருக்கு மதிப்பு வந்தது தகட்டின் மினுமினுப்பாலும் சீரான கனத்தாலும்தான்.

கொத்து கலைந்தால்?

ஏற்காடு போகும் சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் முகப்பு வளைவைப் பார்க்காத சேலத்துக்காரர் இருக்க முடியாது. லீட்ஸில் நெசவுத் தொழில்நுட்பம் படித்துவிட்டு வந்த டி.ஆர்.சுந்தரம் 1935-ல் தொடங்கிய ஸ்டுடியோ அது. அந்தக் காலத்தில் சினிமாதான் உயர் தொழில்நுட்பம். கேமரா, ஒலிப்பதிவு, ஃபிலிம் கழுவும் லேப் எல்லாம் ஒரே வளாகத்தில். நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் அங்கே உருவாயின. முழுநீள வண்ணத் தமிழ்ப் படம் முதன்முதலில் 1956-ல் அங்கிருந்துதான் வந்தது. மு.கருணாநிதி வசனம் எழுதியதும் எம்.ஜி.ஆர் நடித்ததும் அங்கேதான்.

அப்புறம் ஏன் நிற்கவில்லை? காரணங்கள் பல. தொழிற்கொத்து என்ற கோணத்தில் பார்த்தால் ஒன்று தெளிவாகத் தெரிகிறது: கோடம்பாக்கத்தில் ஸ்டுடியோ, லேப், நடிகர், விநியோகஸ்தர், பாட்டெழுதுபவர், லைட் வாடகைக்குக் கொடுப்பவர் எல்லாரும் கூடிக்கொண்டே போனார்கள். கூட்டம் பெரிதாக ஆக, புதிதாக வருபவரும் அங்கேயே போவார். சேலத்தில் திறமை ஒரு பெரிய நிறுவனத்தையும் ஒரு பெரிய மனிதரையும் சுற்றி இருந்தது. 1963-ல் சுந்தரம் காலமான பிறகு ஸ்டுடியோ தளர்ந்தது, ஆட்களும் சென்னைக்கு நகர்ந்தார்கள்.

இப்படி ஒரு தொழிலுக்கு மையமாக நிற்கும் பெரிய நிறுவனத்தை நங்கூர நிறுவனம் என்பார்கள். ஊருக்கு அது அவசியம்தான். ஆனால் அதைச் சுற்றிப் பத்து சின்ன நிறுவனங்கள் முளைக்காவிட்டால், அது போகும்போது எல்லாம் சேர்ந்து போய்விடும்.

மறுபடி ஒரு சுருக்கம்: தொழில் தெரிந்தவர்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் தொழிற்கொத்து. அதில் நுணுக்கம் பரவுவது அறிவுக் கசிவு. மையத்தில் நிற்பது நங்கூர நிறுவனம். இதில் கொத்துதான் ஊரை நீண்ட காலம் காப்பாற்றும்.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பஸ் ஸ்டாண்டில்

ஞாயிறு இரவு புது பஸ் ஸ்டாண்டுக்குப் போனால் பெங்களூரு பஸ்களில் இடம் பிடிக்க நிற்கும் பிள்ளைகளைப் பார்க்கலாம். முதுகில் லேப்டாப் பை, கையில் அம்மா கட்டிக் கொடுத்த பொட்டலம். ஓமலூரிலும் தாரமங்கலத்திலும் ஆத்தூரிலும் பிறந்து, சேலத்துக் கல்லூரிகளில் படித்தவர்கள். 1966-ல் தொடங்கிய அரசு பொறியியல் கல்லூரியும் மற்ற கல்லூரிகளும் உருவாக்கிய அறிவு, சுமார் 200 கிலோமீட்டர் தள்ளிப் போய் வேறொரு கொத்தில் சேர்கிறது.

"மாசாமாசம் வீட்டுக்குப் பணம் அனுப்புறாங்களே" என்று கேட்கலாம். உண்மைதான், அதுவும் வரத்துதான். தம்பியின் படிப்பு, அப்பாவின் ஆபரேஷன், அழகாபுரத்தில் ஒரு வீடு என்று அந்தப் பணம் குடும்பங்களைத் தூக்கி நிறுத்தியிருக்கிறது. ஆனால் பணம் திரும்பி வருகிறது, நுணுக்கம் வருவதில்லை. அங்கே வேலை பார்க்கும் ஒரு பெண் தன் டீமில் கற்றுக்கொண்டது பக்கத்து மேஜைக்காரருக்குத்தான் பரவும். அந்த மேஜை பெங்களூரில் இருக்கிறது. சேலத்திலேயே வேலை தரும் வீ டெக்னாலஜிஸ் போன்ற நிறுவனங்கள், ஜாகீர் அம்மாபாளையம் எல்காட் ஐடி வளாகம், கருப்பூர் டைடல் நியோ ஐடி பூங்கா எல்லாம் இந்த இடத்தில்தான் பொருள் பெறுகின்றன. கட்டடம் அறிவை உண்டாக்காது. ஆனால் அறிவுள்ள பத்துப் பேர் ஒரே மாடியில் உட்கார இடம் கொடுக்கும்.

வாடகை ஏறும் என்று சொன்னவரை இங்கே மறந்துவிடக்கூடாது. அவர் சொல்வது நடக்கும். சம்பளம் உயர்ந்தவர்கள் கூடினால் வீட்டு வாடகையும் பள்ளிக் கட்டணமும் ஏறும். வருமானம் ஏறாமல் வாடகை மட்டும் ஏறும் குடும்பங்களுக்கு வளர்ச்சி ஒரு சுமைதான். நகரம் விரியும்போதே கட்டுப்படியாகும் வீடும் பஸ் வசதியும் சேர்ந்து வந்தால்தான் பெருக்கு விளைவு அவர்கள் வரை போய்ச் சேரும்.

அடுத்து ஓர் அறிவிப்பு வரும்போது

"இத்தனை கோடி முதலீடு, இத்தனை ஆயிரம் வேலை" என்று செய்தி வரும்போது கோடியை விட்டுவிட்டு வேறு சிலவற்றைக் கேளுங்கள். அவர்கள் விற்கப்போவது யாருக்கு? வாங்கப்போவது யாரிடம்? இங்கே நடக்கப்போவது வடிவமைப்பா, கடைசிக்கட்டப் பொருத்தும் வேலை மட்டுமா? உள்ளூர்க் கல்லூரியோடு சேர்ந்து செய்ய ஏதாவது இருக்கிறதா? வேலையை விட்டு வெளியே வருபவர் இதே ஊரில் சொந்தமாகத் தொடங்க வழி உண்டா?

2019-ல் தொடங்கிய தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னை, ஓசூர், கோயம்புத்தூர், திருச்சியோடு சேலமும் அதில் ஒரு மையம். ராணுவத் தளவாடத்துக்கு ஒரு சின்ன உதிரிபாகம் கடைந்து கொடுக்க நம் லேத் பட்டறைக்காரருக்குக் கைத்திறமை உண்டு. ஆர்டர் கிடைக்க அது மட்டும் போதாது. வேண்டிய அளவுக்கு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூடப் பிசகவில்லை என்று காட்ட அளவெடுக்கும் கருவி வேண்டும், எந்த உலோகம் எந்தத் தொகுதியில் வந்தது என்ற பதிவு வேண்டும், தரச் சான்றிதழ் வேண்டும். அந்தக் கருவியைத் தனி ஒரு பட்டறை வாங்கினால் கடனில் மூழ்கிவிடும். சேகோசர்வ் ஏலத்துக்குச் செய்ததைப் போல, பட்டறைகள் கூடி ஒரு பொது அளவுக்கூடம் வைத்துக்கொண்டு, பக்கத்துப் பொறியியல் கல்லூரி மாணவர்களை அதில் வேலை பழக விட்டால், செலவும் பகிரும், நுணுக்கமும் பரவும். வழித்தடம் சேலத்துக்குள் உண்மையிலேயே வந்துவிட்டதா என்று அறிய நான் முதலில் தேடுவது அப்படி ஒரு கூடத்தைத்தான்.